கோப்பி இயந்திரத்துக்கு ஒரு மரப்பிடி

கருவிக்குப் பிடி போடுவதை ஒரு தொழிலாக எவரும் பெரிதாக எண்ணுவதில்லை. மண்வெட்டி வாங்குபவர் இரும்பைத் தட்டிப் பார்ப்பார்; பிடியைப் பாரார். ஆனால் நாள் முழுதும் கையில் இருப்பது இரும்பல்ல, பிடிதான். உள்ளங்கை கொப்பளிப்பதும், மணிக்கட்டு நோவதும், வேலை இலகுவாக முடிவதும் அதைப் பொறுத்தே அமைகின்றன. இவ்விதழில் நாம் எடுத்துக்கொள்வது சற்றுப் புதிய ஒரு பிடி: கையால் இயக்கும் நெம்புகோல் எஸ்பிரெசோ இயந்திரத்தின் மரப்பிடி. ‘இது யாருக்கு வேண்டும்?’ என்று கிராமத்து வாசகர் கேட்கலாம். கடைசல் வேலை தெரிந்த கைகளும், வீட்டுத் தோட்டத்தில் கோப்பி மரமும் உள்ளவர்களுக்கு இதில் ஒரு சிறு வருமானம் இருக்கக்கூடும் என்பதே நம் எண்ணம். எவ்வளவு இருக்கும், எங்கே ஏமாறக்கூடும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

முதலில் இயந்திரத்தை அறிந்துகொள்வோம். நம் வீடுகளில் கோப்பித்தூளில் கொதிநீர் ஊற்றி, தெளியவிட்டோ துணியில் வடித்தோ குடிக்கிறோம். இத்தாலியர் கண்ட முறை வேறு. நன்றாக அரைத்த தூளைச் சிறு சல்லடைக் கிண்ணத்தில் இறுக்கி அடைத்து, ஏறத்தாழ 90 முதல் 96 பாகை வரை சூடான நீரை மிகுந்த அழுத்தத்துடன் அதனூடாகச் செலுத்துகிறார்கள். அரை நிமிடத்துக்குள் கெட்டியான, மேலே பொன்னிற நுரை படிந்த ஒரு சிறு கோப்பை கோப்பி இறங்கும். அதுவே எஸ்பிரெசோ. 1901-இல் மிலான் நகரத்து லூயிஜி பெஸ்ஸெரா காப்புரிமை பெற்ற இயந்திரம் நீராவியின் அழுத்தத்தால் இயங்கியது. நீராவி தள்ளிய நீர் அளவுக்கு மிஞ்சிச் சூடாக இருந்ததால் கோப்பி கருகிய ருசியோடு வந்தது. அதே நகரத்தவரான அக்கீலே காஜியா, நீராவியை விட்டு, நெம்புகோலும் சுருள்வில்லும் கொண்டு நீரை அழுத்தும் முறையை 1940-களின் பிற்பகுதியில் கடைகளுக்குக் கொண்டுவந்தார். பொன்னிற நுரை அதற்குப் பிறகு வந்ததுதான். 1961-இல் மின்பம்பி பொருத்திய இயந்திரங்கள் வந்ததும் கடைகளில் நெம்புகோல் பின்தள்ளப்பட்டது. ஆனால் அதே 1961-இல் லா பவோனி நிறுவனம் ‘யூரோபிக்கொலா’ என்னும் சிறிய நெம்புகோல் இயந்திரத்தை வீடுகளுக்கென்று செய்தது. அவ்வகை இயந்திரங்களைப் பிள்ளையைப்போல் பேணுகிறவர்கள் இன்று பல நாடுகளிலும் இருக்கிறார்கள். பொத்தானை அழுத்தாமல், தன் கைப்பலத்தால் கோப்பி இறக்குவதில் அவர்களுக்கு ஒரு திருப்தி.

இந்த இயந்திரத்தில் கைபடும் இடங்கள் நான்கு. ஒன்று நெம்புகோலின் பிடி. இரண்டாவது, தூள் நிரப்பிய கிண்ணத்தைத் தாங்கி இயந்திரத்தின் வாயில் திருகிப் பூட்டப்படும் கரண்டியின் பிடி. மூன்றாவது, நீராவிக் குழாயைத் திறக்கும் குமிழ். நான்காவது, தூளை அமுக்கும் கட்டை. அது இயந்திரத்தோடு ஒட்டியதல்ல, தனியானது. இவற்றைத் தொழிற்சாலைகள் பெரும்பாலும் கறுப்பு பேக்கலைட்டிலும் பிற்காலத்தில் வேறு பிளாஸ்டிக்கிலும் செய்தன. பேக்கலைட் 1907-இல் லியோ பேக்லண்ட் கண்டுபிடித்த பொருள். சூட்டுக்கு இளகாது, மின்சாரம் கடத்தாது. விழுந்தால் விரிசல்விடும், பழையதானால் மினுக்கம் போய்ச் சாம்பல் நிறமாகும். நாற்பது, ஐம்பது வருடப் பழைய இயந்திரத்துக்கு அதே பிடி கிடைப்பது எளிதல்ல. அங்கேதான் கடைசல்காரருக்கு இடம் உண்டாகிறது. உடைந்ததற்கு மாற்றாகச் சிலர் கேட்கிறார்கள். அழகுக்காகவும், தம் கையளவுக்கு ஏற்பவும் கேட்பவர்கள் அதைவிடப் பலர்.

இது வெறும் அலங்காரப் பொருள் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். கோப்பி இறங்குவதற்கு ஏறத்தாழ 9 வளிமண்டல அழுத்தம் வேண்டும். ஆடுதண்டின் குறுக்களவு 50 மில்லிமீற்றர் என்றால் அதன் பரப்பு 19.6 சதுர சென்ரிமீற்றர். ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் 9 கிலோவுக்குச் சற்று மேல் என்றால் மொத்தம் ஏறத்தாழ 180 கிலோ. நெம்புகோல் அதை எட்டு மடங்கு குறைத்துத் தந்தாலும் கைக்கு 22 கிலோ அளவு பாரம் வரும். ஒரு பெரிய வாளி நிறைந்த தண்ணீரைக் கிணற்றிலிருந்து இழுப்பதைவிட அதிகம். அவ்வளவு பாரத்தோடு அழுத்தும்போது பிடி கழன்றாலோ பிளந்தாலோ, கை நேரே சூடான பித்தளைமேல் போய் விழும்.

சுருள்வில் உள்ள இயந்திரத்தில் அபாயம் இன்னும் அதிகம். அங்கே நாம் நெம்புகோலைக் கீழே இழுத்து வில்லைச் சுருக்குகிறோம். விட்டதும் வில் விரிந்து நீரைத் தள்ள, நெம்புகோல் மெல்ல மேலே போகும். மெல்லப் போவதற்குக் காரணம், தூள் நீரைத் தடுத்து நிற்பதுதான். தூளே இல்லாமலோ, மிகவும் கரடான தூளோடோ கையை விட்டால் நெம்புகோல் தடையின்றிச் சீறி எழும்பும். குனிந்து நிற்பவரின் நாடி எலும்பை உடைக்கும் வேகம் அதற்கு உண்டு. ஆகவே ஈரக்கையிலும் வழுக்காத வடிவம் வேண்டும். நுனி சற்றுப் பருத்திருக்க வேண்டும். கண்ணாடிபோல் மினுக்கிய பிடி படத்தில் அழகாக இருக்கும், கையில் வழுக்கும். வாங்குபவர் மினுக்கம் கேட்டாலும், செய்பவர் இதை எடுத்துச் சொல்வது நல்லது.

சூட்டின் விஷயத்தில் மரம் நமக்கு நண்பன். பித்தளை, மரத்தைவிட ஐந்நூறு மடங்குக்கும் மேலாகச் சூட்டைக் கடத்துகிறது. அதனால்தான் இரும்புத் தோசைக்கரண்டிக்கு மரக்காம்பு போட்டார்கள் நம் முன்னோர். ஆனால் மரம் நீராவியை விரும்புவதில்லை. ஈரம் ஏறினால் அகலத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். நீளத்தில் மாற்றம் மிகக் குறைவு. இரும்போ பித்தளையோ அப்படி ஊதிச் சுருங்குவதில்லை. ஆகவே இரண்டும் சேரும் இடமே பிடியின் பலவீனமான இடம். மண்வெட்டிப் பிடி கோடையில் ஆடத் தொடங்கினால் தண்ணீரில் ஊறவைத்து இறுக்குவோமே, அதே கதைதான். அந்த வைத்தியத்தை மட்டும் இங்கே செய்ய முடியாது.

எந்த மரம் என்ற கேள்விக்கு வருவோம். வெளிநாட்டு வாங்குபவர் இலங்கை என்றதும் கேட்பது கருங்காலி. ஒல்லாந்தர் காலத்து நாற்காலிகளும் அலுமாரிகளும் அந்தப் பேரை உலகமெங்கும் கொண்டுபோய்விட்டன. நம் கருங்காலி உலகில் மிகச் சிறந்தது என்பதில் சந்தேகம் இல்லை. கரிய நிறம், இரும்புபோல் கனம், கடைந்தால் கொம்பைப்போல் வழவழப்பு. ஆனால் அது மிக மெதுவாக வளரும் மரம், சட்டத்தால் காக்கப்பட்டது. காட்டில் வெட்டிய கருங்காலியை எவரிடமும் வாங்கவே கூடாது என்பது நம் உறுதியான கருத்து. (வேலைநிறுத்தத்தை முறிப்பவனைத் தொழிற்சங்கத்தார் ‘கருங்காலி’ என்று ஏசுவதற்கு, காட்டை வெட்டும் கோடரிக்கே அது காம்பாகிறது என்பார்கள். காட்டுக்கு அந்தத் துரோகத்தை நாமும் செய்ய வேண்டியதில்லை.) உடைந்த பழைய தளபாடத்தின் காலோ சட்டமோ கைவசம் இருந்தால் அது வேறு, ஒரு நாற்காலிக் காலில் இரண்டு, மூன்று பிடி கடையலாம். அப்போதும் மரம் எங்கிருந்து வந்தது என்று எழுதி வைத்திருப்பது நல்லது.

முதிரை மஞ்சள் நிறமும் பட்டுப்போன்ற பளபளப்பும் உள்ளது, உறுதியானது. அதன் தூள் பலருக்குத் தோலில் கடியையும் தடிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்கும். மூடிய சிறு அறையில் முதிரை கடைவதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். பாலை மிகக் கடினம். உளி அடிக்கடி மழுங்கும். சாவண்டலை நல்ல தேர்வு. ‘திருகோணமலை மரம்’ என்ற பேரில் சென்னைக் கரையின் படகுகளுக்கும், எண்ணெய்ப் பீப்பாய்களுக்கும் போன மரம் அது. வளைந்து கொடுக்கும் தன்மை உள்ளதால் அடிபடும் பிடிக்கு ஏற்றது. புளியின் வைரம் கருஞ்சிவப்பாகவும் கடினமாகவும் இருக்கும். பூவரசு கைக்கு இதமானது. தேக்கும் மகோகனியும் மொறட்டுவைத் தச்சுப்பட்டறைகளில் கழிவுத் துண்டாகவே கிடைக்கும். தளபாடம் செய்பவருக்கு ஒரு சாண் துண்டு விறகு, பிடி செய்பவருக்கு அது முழு மரம். பலா மரம் நல்ல நிறமுடையது. ஆனால் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றித் தறிக்கக் கூடாது என்று 1951-ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதை மறக்கக் கூடாது. எந்த மரமானாலும் வைரம் மட்டுமே உதவும். வெளியே உள்ள வெள்ளைப் பகுதி பூச்சிக்கு உணவு.

நமக்கு மிகவும் பிடித்த மரத்தைக் கடைசியாக வைத்திருக்கிறோம். அது கோப்பி மரமே. இந்த நாட்டில் கோப்பி என்பது ஒரு பானத்தின் பேர் மட்டுமல்ல. மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழி நடந்து, வழியிலேயே செத்து மடிந்த ஆயிரக்கணக்கானோரின் சரித்திரம் கோப்பியோடுதான் தொடங்கிற்று. 1869-இல் இலைத்துரு நோய் தோன்றியது; இருபது வருடத்துக்குள் தோட்டங்கள் பாழாயின. தேயிலை வந்தது. பட்டுப்போன கோப்பி மரங்களைப் பட்டை உரித்து இங்கிலாந்துக்குக் கப்பலேற்றினார்கள் என்றும், அங்கே அவை தேநீர் மேசைகளுக்குக் காலாயின என்றும் தேயிலைச் சரித்திரம் எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். கோப்பியைத் தோற்கடித்த பானத்துக்கே அதன் மரம் கால் கொடுத்தது! கடைசலுக்கு அது உகந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கண்டி, மாத்தளை, நுவரெலியா மாவட்டங்களில் வீட்டுத் தோட்டக் கோப்பி இன்றும் இருக்கிறது. முதிர்ந்த செடிகள் காய்ப்புக் குறைந்ததும் அடியோடு தறித்துப் புதுத் தளிர் விடவேண்டியவை. தறித்த தண்டு இன்று அடுப்புக்குப் போகிறது. அந்த மரம் வெண்மஞ்சள் நிறம், நெருக்கமான இழை, நல்ல கடினம். குறை ஒன்றுதான்: தண்டு சிறியது, நடுவே தக்கை உண்டு. தக்கையை உள்ளே வைத்துக் கடைந்தால் பிடி நிச்சயம் வெடிக்கும். ஆகவே தண்டைப் பச்சையிலேயே நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்து, தக்கையை நீக்கி, நுனிகளில் மெழுகோ வர்ணமோ பூசி, நிழலில் அடுக்கிக் காயவிட வேண்டும். எட்டு சென்ரிமீற்றர் பருமனான தண்டில் பக்கத்துக்கு ஒரு பிடி தேறும். கோப்பி இயந்திரத்துக்குக் கோப்பி மரத்திலேயே பிடி என்பதைக் கேட்டால் அந்த வாங்குபவர்கள் கருங்காலியை மறந்துவிடுவார்கள் என்றே நாம் நினைக்கிறோம்.

காய்ந்துவிட்டதா என்று அறிய ஒரு தராசு போதும். வாரம் ஒருமுறை அதே துண்டை நிறுத்து எழுதுங்கள். எடை குறைவது நின்றால், அந்த ஊர்க் காற்றுக்கு ஏற்பக் காய்ந்துவிட்டது என்று பொருள். ‘அந்த ஊர்க் காற்று’ என்பதைக் கவனியுங்கள். கொழும்பின் ஈரக்காற்றில் மரம் தன் எடையில் 15 வீதம் அளவு நீரை வைத்துக்கொண்டே நிற்கும். குளிர்நாட்டில், சூடேற்றிய வீட்டுக்குள் அது 6 முதல் 9 வீதம் வரை இறங்கும். இங்கே இறுக்கமாகப் பூட்டிய பிடி அங்கே போய்ச் சுருங்கி, பூண் கழன்று, வாங்கியவரின் கோபத்தோடு திரும்பி வரும். ஆகவே இறுதிக் கடைசலுக்கு முன் துண்டுகளை ஓர் அடைத்த பெட்டியில் சிறு மின்குமிழ் எரியவிட்டுச் சில வாரம் வைத்து மேலும் உலர்த்துவது அவசியம். இந்த ஒரு வேலையைச் செய்யாதவர் ஏற்றுமதியை நினைக்காமல் இருப்பதே மேல்.

செய்முறை கடினமல்ல. முதலில் துளை, பிறகு கடைசல். இந்த வரிசையை மாற்றக் கூடாது. கடைந்த பிடியில் துளை போட்டால் துளை ஒருபக்கம் சாய்ந்து, கரண்டி கோணலாக நிற்கும். துளையிட்ட துண்டை அதே துளையில் மையம் பிடித்துக் கடைந்தால் வெளிவடிவம் தானாகவே துளைக்கு நேராகும். மரத்தின் இழை பிடியின் நீளத்தோடு நேராக ஓட வேண்டும். இழை குறுக்கே வெளியேறும் இடத்தில்தான் பிடி முறியும். சுழியும் கணுவும் பார்க்க அழகுதான். குமிழுக்கு அவற்றை வைத்துக்கொள்ளலாம், நெம்புகோலுக்கு வேண்டாம்.

கரண்டியிலிருந்து நீளும் தண்டில் பெரும்பாலும் 10 அல்லது 12 மில்லிமீற்றர் மரை இருக்கும். இயந்திரத்துக்கு இயந்திரம், வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால் வாங்குபவரிடம் பழைய பிடியையோ அதன் அளவையோ கேட்டுப் பெறாமல் வேலை தொடங்கக் கூடாது. மரத்தில் நேராக மரை வெட்டினால், இழையின் முனையில் மரை பற்றாது. சில மாதத்தில் உதிரும். பித்தளைச் செருகு ஒன்றை உள்ளே இறக்கி, அதில் மரை வெட்டுவதே சரி. எப்பொக்சி பசையை மட்டும் நம்பவும் கூடாது. சாதாரண எப்பொக்சி 60 பாகை அளவில் இளகத் தொடங்கும். நெடுநேரம் சூட்டில் கிடக்கும் கரண்டியின் கழுத்து அதைத் தாண்டக்கூடும். செருகின் வெளிப்புறத்திலும் மரை வெட்டி, பசையோடு சேர்த்து முறுக்கி, குறுக்கே ஒரு சிற்றாணி அடித்தால் அசையாது. நெம்புகோலின் பிடிக்கு அதைவிட நல்ல வழி, இரும்புத் தண்டு பிடியின் நீளம் முழுதும் ஊடுருவி மறுமுனையில் சுரையால் இறுகுவது. மரம் பிளந்தாலும் பிடி கையை விட்டுப் போகாது. வாய்ப்பக்கத்தில் பித்தளைப் பூண் ஒன்று கட்டாயம்.

பூண் என்றதும் ஜிந்துப்பிட்டி நினைவுக்கு வருகிறது. சென் தோமே என்ற பேரே மருவி ஜிந்துப்பிட்டி ஆயிற்று என்பார்கள். முருகன் கோயிலும் பழைய தேவாலயமும் ஒரே ஒழுங்கையில் மணியடிக்கும் இப்பகுதியின் ஒரு பக்கத்தில் செட்டியார் தெரு. அங்கே பொன்வேலை செய்பவர்களுக்கு ஒரு பூணை வளைத்து ஒட்டி மெருகிடுவது விளையாட்டு. நகைக்கு ஓட்டமில்லாத மாதங்களில் பட்டறைகள் சும்மா இருக்கின்றன. நடந்துபோகும் தூரத்தில் குவாரி வீதி இரும்புக்கடைகளில் பித்தளைக் கம்பியும் மரை வெட்டும் கருவியும் வாங்கலாம். மரம் மலையகத்திலிருந்து, கழிவுத்துண்டு மொறட்டுவையிலிருந்து, பூண் செட்டியார் தெருவிலிருந்து என்று மூன்றையும் இணைக்க ஒரு சிறிய கடைசல் பொறியும், கணக்கு எழுதத் தெரிந்த ஒருவரும் இருந்தால் போதும். தனி ஆளாகச் செய்வதைவிட மூன்று, நான்கு பேர் கூட்டாகச் செய்யக்கூடிய வேலை இது. பழைய லேத்து ஒன்றைத் திருத்தி எடுப்பதற்கான உதிரிப்பாகத்துக்குப் பஞ்சிகாவத்தையும் தூரமில்லை.

பூச்சைப்பற்றிச் சில சொற்கள். மாத்தளைப் பக்கத்து ஹப்புவிதவில் நகத்தால் அரக்கு இழைக்கும் வேலை உலகறிந்தது. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமானும் அரக்குப் பூசியதே. ஆயினும் அரக்கு 75 பாகை அளவிலேயே உருகும், நீராவி பட்டால் வெளிறும். கைபடாத அமுக்குகட்டையின் தலைக்கு வேண்டுமானால் ஒரு வண்ணக்கோடு போடலாம். கரண்டிப் பிடிக்கு அரக்கு ஆகாது. தேங்காய் எண்ணெய் பூசலாமா என்று கேட்பார்கள். அது ஒருபோதும் உலர்ந்து இறுகாது. ஒட்டும், சில காலத்தில் சிக்கு மணக்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றுப்பட்டு இறுகும் வகை. மெல்லிதாகப் பூசி, துடைத்து, ஒரு நாள் விட்டு, மறுபடி பூசி, இப்படி ஐந்தாறு முறை செய்தால் மரத்தின் நிறமும் தெரியும், கைக்கும் பிடிக்கும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அந்த எண்ணெய் இறுகும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றும். பலகை வீடுகள் நெருங்கிய தோட்டங்களில் இது விளையாட்டல்ல. துணியை விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்துங்கள்.

தூளுக்கு முகக்கவசம் வேண்டும். வாயில் கட்டிய கைக்குட்டை நுண்ணிய மரத்தூளைத் தடுக்காது. அரத்தாள் போடும்போதுதான் மிக நுண்ணிய தூள் எழும்புகிறது. கடையும்போது வரும் சுருள் அத்தனை கெடுதியில்லை. சேலைத் தலைப்பு, தளர்ந்த சட்டைக்கை, தாவணி எதுவும் சுழலும் பொறியின் அருகே வரக் கூடாது.

இனிப் பணம். விலை எவ்வளவு என்று நாம் இங்கே எழுதமாட்டோம். எழுதினால் அடுத்த இதழ் வரும்முன் அது பொய்யாகிவிடும். கணக்குப் போடும் முறையை மட்டும் சொல்லலாம். மரத்தின் விலை இதில் மிகச் சிறிய பங்கு. செருகு, பூண், பசை, மின்சாரம், அஞ்சல், வெடித்துப்போன துண்டுகள் ஆகிய எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். பத்தில் இரண்டு கழிவாகும் என்று வைத்தே தொடங்குங்கள். உங்கள் நேரத்துக்கு மேசன் வேலைக்குக் கிடைக்கும் நாட்கூலியாவது வராவிட்டால் அது தொழிலல்ல, பொழுதுபோக்கு. இடைத்தரகர் ஒருவர் நூறு பிடி கேட்டு முன்பணமின்றி வந்தால் பத்துப் பிடி கொடுத்து, அந்தப் பணம் வந்தபின் அடுத்த பத்தைத் தொடங்குங்கள். தனித்தனி அளவுக்குச் செய்த பொருளை அவர் வேண்டாம் என்றுவிட்டால் வேறு எவருக்கும் விற்க முடியாது. மண்வெட்டிப் பிடியில் இந்தத் தொல்லை இல்லை.

முதல் விற்பனையை வெளிநாட்டில் தேட வேண்டியதுமில்லை. கொழும்பில் கோப்பிக் கடைகள் பெருகியிருக்கின்றன. நெம்புகோல் இயந்திரம் அங்கே அரிது, ஆனால் மின்பம்பி இயந்திரத்துக்கும் அதே கரண்டியும் அதே அமுக்குகட்டையும் உண்டு. ஒரு கடையில் நாள் முழுதும் அந்தக் கரண்டியைத் திருகிப் பூட்டும் பிள்ளையிடம் மாதிரிப் பிடி ஒன்றைக் கொடுத்து, ஒரு மாதம் பாவித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே உறுத்துகிறது, எந்த இடத்தில் நிறம் மாறியது, பூண் ஆடுகிறதா என்று கேட்டு எழுதிக்கொண்டு, அடுத்ததை அதற்கேற்பக் கடையுங்கள். அந்த மாதிரிப் பிடியைத் திருப்பி வாங்கி, நெடுக்காக அறுத்து உள்ளே செருகு எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகே விலைப்பட்டியல் எழுதலாம்.